பி.யூ.சி.யில் கணிதம் படிக்காதவர் புள்ளியியல் தாளை எப்படி அணுகுவது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். பி.யூ.சி.யில் (கர்நாடகத்தில் 11, 12-ஆம் வகுப்புப் படிப்பு) கணிதம் எடுக்காமல் பி.காம். சேர்ந்த எனக்கு இந்தப் பருவத்தில் புள்ளியியல் தாள் இருக்கிறது. சூத்திரங்களை மனப்பாடம் செய்துவிட்டேன். எந்தக் கணக்குக்கு எதைப் போடுவது என்றுதான் தெரியவில்லை. ட்யூஷன் சேர வேண்டுமா?

பதில்: ட்யூஷனைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன் ஒரு வாரம் நான் சொல்கிறபடி செய்து பாருங்கள். அறிமுகப் புள்ளியியலுக்குத் தேவையான கணிதம் பெரும்பாலும் நான்கு அடிப்படைச் செயல்கள், வர்க்கமூலம், சிறிதளவு இயற்கணிதம் ஆகியவற்றைத் தாண்டுவதில்லை. ஒரு சூத்திரம் எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்று அறியாமல் அதை மனப்பாடம் செய்ததுதான் உங்களுக்குத் தடையாக நிற்கிறது.

கல்லூரிக்குச் செல்லப் பேருந்துக்காகக் காத்திருக்கும் நிமிடங்களை ஐந்து நாள் குறித்துக்கொள்ளுங்கள். அவை 4, 6, 7, 8, 25 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டுச் சராசரி 10. ஆனால் நான்கு நாள் நீங்கள் அதைவிடக் குறைவாகவே காத்திருந்தீர்கள். எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் 7 தான் இடைநிலை அளவு. 25 என்பது 60 ஆனாலும் அது அசையாது. சம்பளம், வீட்டு வாடகை போன்றவற்றில் ஒருசில பெரிய தொகைகள் சராசரியை உயர்த்திவிடும் என்பதால், அங்கே இடைநிலை அளவையே முதலில் பார்க்க வேண்டும்.

இனி, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்க்க, ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 10-ஐக் கழியுங்கள். கிடைக்கும் -6, -4, -3, -2, 15 ஆகியவற்றைக் கூட்டினால் சுழியம் வரும். எந்தத் தரவை எடுத்தாலும் அப்படித்தான் வரும். அதனால்தான் வர்க்கப்படுத்துகிறோம். வர்க்கங்களின் கூட்டுத்தொகை 290; அதை 4-ஆல் வகுத்தால் 72.5, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 8.5. இதுவே திட்ட விலக்கம். ஐந்து எண்கள் இருக்க 4-ஆல் ஏன் வகுக்கிறோம்? விலக்கங்களின் கூட்டுத்தொகை சுழியம் என்பதால் நான்கு தெரிந்தால் ஐந்தாவது தானாகவே முடிவாகிவிடுகிறது. சுதந்திரமாக மாறக்கூடியவை நான்குதான். பி.காம். பாடநூல்கள் சிலவற்றில் மொத்த எண்ணிக்கையாலேயே வகுக்கிறார்கள். அப்போது விடை 7.6. உங்கள் நூல் எதைப் பின்பற்றுகிறது என்று பார்த்துக்கொண்டு தேர்வில் அதையே எழுதுங்கள். கால்குலேட்டரும் இவ்விரு விடைகளையும் தனித்தனியே தரும்.

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் திட்டப் பிழை. 8.5-ஐ 5-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 3.8 கிடைக்கிறது. வேறு ஐந்து நாட்களைக் குறித்திருந்தால் சராசரி 10 என்றே வந்திருக்கும் என்று சொல்ல முடியாது; அப்படி மாறி மாறி வரும் சராசரிகள் எவ்வளவு ஊசலாடும் என்பதை இந்த 3.8 மதிப்பிடுகிறது. நாட்களைக் கூட்டுவதால் திட்ட விலக்கம் குறைந்துகொண்டே போகாது. திட்டப் பிழை குறையும், ஆனால் அது பாதியாக வேண்டுமானால் 20 நாட்கள் தேவை. இத்தகைய சிறு மாதிரிகளுக்காகவே, டப்ளின் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் காசெட் 1908-இல் ‘ஸ்டூடென்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையிலிருந்து சராசரிகளை ஒப்பிட உதவும் இன்றைய டி சோதனை வளர்ந்தது.

கருதுகோள் சோதனையில், உண்மையில் வேறுபாடே இல்லை என்ற அனுமானத்தை (இல்எனும் கருதுகோள்) சோதிக்கிறோம். அதில் பி மதிப்பு 0.03 என்று வந்தால், அந்தக் கருதுகோள் சரியாக இருக்க 3 சதவீத வாய்ப்பு என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. இல்எனும் கருதுகோளைச் சரியென்றே வைத்துக்கொண்டாலும், நமக்குக் கிடைத்த அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ வேறுபாடு தற்செயலாகத் தோன்ற 3 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே பொருள்.

ஒவ்வொரு கணக்கின் அடியிலும், விடை எதைச் சொல்கிறது என்று ஒரு வாக்கியம் தமிழிலேயே எழுதுங்கள். எழுத வராத கணக்குகளை மட்டும் குறித்துவைத்து உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். அதற்குப் பிறகும் விளங்காத பகுதிகள் இருந்தால் ட்யூஷனை அவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.