அப்பாவின் கப்பல் கடிகாரம்: தரகரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: வணிகக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்த அப்பா காலமாகிவிட்டார். அவர் பெட்டியில் ‘கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன் 1917’ என்று பொறித்த பித்தளை செக்ஸ்டன்ட் (சூரியன், நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் கருவி) ஒன்று இருக்கிறது. மரப்பெட்டிக்குள் வளையத்தில் தொங்கும் கடிகாரமும் உண்டு. முகப்பின் மேல்பக்கம் 0 முதல் 56 வரை எண்ணிட்ட சின்ன வட்டம். ஓடவில்லை. செக்ஸ்டன்ட் வெளிநாட்டில் பல லட்சம் போகும், சான்றிதழுக்கு 15,000 ரூபாய் கொடுங்கள் என்கிறார் ஒரு தரகர். கடிகாரத்தை 2,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வாராம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சான்றிதழுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

கெல்வின், ஹியூஸ் என்ற இரண்டு நிறுவனங்களும் இணைந்ததே 1947இல்தான். 1917இல் அந்தக் கூட்டுப் பெயர் ஏது? உங்களுடையது அலங்காரப் பொருள். உத்தராகண்டின் ரூர்க்கி பக்கம் இப்படிப்பட்டவற்றை இன்றும் செய்கிறார்கள். செய்வது தவறில்லை, பழையது என்று சொல்லி விற்பதுதான் மோசடி. ஆனால் ‘ஹென்றி ஹியூஸ் அண்ட் சன்’ என்று மட்டும் இருந்தால் கதை வேறு. அது 1917க்கு முன்பே செக்ஸ்டன்ட் செய்துவந்த நிறுவனம். கெல்வின் பெயர் தனியாக இருந்தாலும் அப்படித்தான். எனவே பொறிப்பை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். இரண்டு பெயரும் சேர்ந்து, பக்கத்தில் 1917 என்றும் இருந்தால் மட்டுமே நான் சொன்னது பொருந்தும்.

தரகரின் கண் உண்மையில் கடிகாரத்தின் மேல். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது குரோனோமீட்டராக, அதாவது கப்பலில் துல்லியமாக நேரம் காட்டும் கடிகாரமாக, இருக்கவே வாய்ப்பு அதிகம். சாவி கொடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைக் காட்டுவதுதான் அந்த 56. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. லண்டன் கிரீன்விச் நேரத்தை இந்தக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு, கப்பல் நிற்கும் இடத்தின் நேரத்தைச் சூரியனை அளந்து கண்டால், அந்த வித்தியாசத்திலிருந்து தீர்க்கரேகை, அதாவது கிழக்கு மேற்கில் கப்பல் இருக்கும் இடம், தெரியும். கடிகாரம் 4 விநாடி பிசகினால் நிலநடுக்கோட்டில் ஒரு கடல் மைல் தவறும். ஆங்கிலேயக் கடிகாரக் கைவினைஞர் ஜான் ஹாரிசனின் கடிகாரம் 1761இல் ஜமைக்காவுக்குப் போனது இதைச் சோதிக்கத்தான். தினமும் எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்பதை அதிகாரிகள் குறித்து வைப்பார்கள். பெட்டிக்குள் அப்படித் துண்டுக் காகிதம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.

சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. தூக்கிக்கொண்டு கடை கடையாக அலையவும் வேண்டாம். உள்ளே ஆடும் சக்கரத்தை விவரம் தெரிந்தவர் தக்கை செருகி நிறுத்திய பிறகே நகர்த்த வேண்டும்.

வெளிநாட்டு விற்பனை என்பதே தூண்டில். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வயது கடந்த தொல்பொருளைத் தனியார் வெளியே அனுப்ப முடியாது. தொல்பொருள் அல்ல என்று சான்று தர வேண்டியது தொல்லியல் துறை, தரகர் அல்ல. எந்த அலுவலகத்தில், எந்த மேசையில் கேட்பது என்று சாதாரணக் குடும்பத்துக்குப் புரியும்படி சொல்ல ஐம்பது வருடமாகியும் ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

இன்றே முகப்பிலுள்ள பெயரையும் வரிசை எண்ணையும் படமெடுத்து வையுங்கள். பழுதுபார்க்கக் கொடுத்தால் அந்த எண்ணை எழுதிய ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். உள்ளிருக்கும் இயந்திரத்தையே மாற்றிவிடுகிறவர்கள் உண்டு.