ஸ்பாட்டிஃபைல ஒரு பைசாவும் வரலன்னு கேட்ட அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, ஊர்க்கதைய பாட்காஸ்ட்டா, அதான் பேசிப் பதிஞ்ச ஒலி நிகழ்ச்சியா போடுதேன், ஸ்பாட்டிஃபைல காசே வரலன்னு கேட்டிருக்கீங்க. கேக்குற அளவ வச்சு பாட்டுக்குப் பங்கு வர்ற மாதிரி அங்க பாட்காஸ்ட்டுக்கு கிடையாது, அத மட்டும் நம்பாதீங்க.

பேசுறத போன்ல வீடியோவா எடுத்து யூடியூப்லயும் ஏத்துங்க, ஆனா விளம்பரக் காசு வர 1,000 சப்ஸ்கிரைபரும் 12 மாசத்துல 4,000 மணி நேரம் பாத்த கணக்கும் வேணும், அதுக்கு நாளாவும். அதுவர உள்ளூர்லயே விளம்பரம் கேளுங்க, பத்தமடைல பாய் நெய்யுதவங்க, காருக்குறிச்சில பானை வனையுதவங்கன்னு ஆளப் பிடிச்சுப் பேசுனா வெளியூர்ல கெடக்க நம்ம சனம் தேடி வந்து கேக்கும், அதக் காட்டி பாளையங்கோட்டைல ஒரு கடைக்காரர்ட்ட மாசத்துக்கு இவ்ளோன்னு 30 செகண்ட் விளம்பரம் பேசுங்க, நடக்க வாய்ப்பிருக்கு. விளம்பரம்னு சொல்லிட்டே போடுங்க.

ரெக்கார்ட் பண்ணும்போது ஃபேன மட்டும் அமத்திருங்க.