வளரும் நாடுகளில் அரசு வெளியிடும் புள்ளிவிவரங்களை மக்கள் நம்ப என்ன செய்ய வேண்டும்?

முதலில், எண் வெளியாகும் தேதியை அமைச்சகத்தின் கையிலிருந்து எடுக்க வேண்டும். விலைவாசிக் குறியீடு எந்த நாள், எத்தனை மணிக்கு வரும் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே அட்டவணை போட்டுவிட்டால், தேர்தல் முடியட்டும் என்று அறிக்கையைக் கிடப்பில் போடுவது ஊருக்கே தெரிந்துவிடும். அடுத்த குறை, எண்ணை அமைச்சருக்கு முன்கூட்டியே காட்டுவது. பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் தன் வெளியீடுகளுக்கு இதை 2017 ஜூலையில் நிறுத்தியது. நிறுத்த முடியாவிட்டால், யார் எப்போது பார்த்தார்கள் என்ற பட்டியலையாவது வெளியிடலாம்.

தலைமைப் புள்ளியியலாளருக்கு நிலையான பதவிக்காலம் வேண்டும். கீழே இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும். அர்ஜென்டினாவில் 2007இல் மாற்றப்பட்டவர் விலைக்குறியீட்டுப் பிரிவின் தலைவர்தான். அதன்பின் வந்த பணவீக்க எண்களை யாரும் நம்பவில்லை. 2013இல் பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்) கண்டனத் தீர்மானம் போட்டது. அந்தக் கண்டனம் விலக்கப்பட்டது 2016 நவம்பரில்.

எல்லாப் பிழையும் பொய்யல்ல. கானா 2010இல் அடிப்படை ஆண்டை, அதாவது எந்த ஆண்டின் விலைகளையும் தொழில் அமைப்பையும் வைத்துக் கணக்கிடுவது என்பதை, 1993இலிருந்து 2006க்கு மாற்றியபோது மொத்த உள்நாட்டு உற்பத்தி சுமார் 60 சதவீதம் கூடியது. நைஜீரியாவில் 2014இல் 89 சதவீதம். அங்கே பழைய அடிப்படை ஆண்டு 1990, கைபேசி இல்லாத காலம்! ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றினால் இப்படித் தூக்கிப்போடாது. முறையை முதலில் வெளியிட்டு, எண்ணைச் சில மாதம் கழித்து, பழைய ஆண்டுகளின் திருத்திய தொடரோடு சேர்த்துத் தர வேண்டும். இல்லையென்றால் நேர்மையான திருத்தமும் தில்லுமுல்லாகத்தான் தெரியும்.

ஆனால் பாதிப் பிரச்சினை களத்தில்தான். பூட்டிய வீட்டைக் கண்டதும் கணக்கெடுப்பவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார். பகலில் வேலைக்குப் போகிறவர்கள் இப்படியே மாதிரியிலிருந்து நழுவிப் போவார்கள். வெவ்வேறு நேரங்களில் மூன்று முறை, அதில் ஒன்று மாலையில், போயே ஆக வேண்டும். மாற்று வீட்டை அவரே தேர்ந்தெடுக்கக் கூடாது. கிடைக்காத வீடுகளை எடையிடும்போது, அதாவது பதில் தந்த அதுபோன்ற வீடுகளுக்குக் கணக்கில் கூடுதல் பங்கு தரும்போது, சரிக்கட்டலாம். ஒரு மணி நேரம் பிடிக்கும் செலவுக் கேள்வித்தாள் பதினைந்து நிமிடத்தில் முடிந்திருந்தால், அது மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பியது. டேப்லெட்டின் நேரப்பதிவும் ஜிபிஎஸ்ஸும் காட்டிக்கொடுக்கும். 5 முதல் 10 சதவீத வீடுகளுக்கு வேறொரு குழுவை மறுபடி அனுப்புங்கள். பயணப்படியை மட்டும் மாதக்கணக்கில் இழுத்தடிக்காதீர்கள், மரத்தடி அங்கேதான் தொடங்குகிறது.

கடைசியாக, பெயரும் முகவரியும் ஜிபிஎஸ் புள்ளியும் நீக்கிய மூலத் தரவு, எடைகளோடும் கேள்வித்தாளோடும், ஆய்வாளர்களுக்குக் கிடைக்க வேண்டும். அமைச்சர் சொன்ன சதவீதத்தை யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.