பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்கள் வழியாக ஓட எந்தப் பகுதி நல்லது?

வேலை விஷயமாகப் பாரிஸ் வருகிறீர்கள், அது முடிந்து மூன்று நாள் கையில் இருக்கிறது, 15 முதல் 20 கிலோமீட்டர் வரை ஓடிப் பழக்கம், கார் எடுக்கப் போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போர்தோ, அல்சாஸ், ஷாம்பெயின், பர்கண்டி என்று நான்கு பெயர்களையும் சொல்லி எது என்று கேட்கிறீர்கள். யோசிக்காமல் பர்கண்டிக்கு வாருங்கள். அதிலும் போன் நகரத்துக்குத் தெற்கே, சான்தனே வரை உள்ள சரிவு. நான் இருப்பது தீஜோனில். என் நீண்ட ஓட்டங்கள் பெரும்பாலும் அந்தச் சரிவில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நிலத்தின் அமைப்பு. தீஜோனில் தொடங்கித் தெற்கே சுமார் 60 கிலோமீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக்கல் மேடு நீள்கிறது. அதன் சரிவு கிழக்கு பார்த்தது. கீழே சோன் ஆற்றுச் சமவெளி, உச்சியில் காடு, நடுவே ஒரு வேட்டிக் கரை போலத் திராட்சைத் தோட்டம். பல இடங்களில் அந்தக் கரையின் அகலம் ஒரு கிலோமீட்டர்கூட வராது. ஆகவே ஒரே ஊரில் நின்றுகொண்டு மூன்று விதமாக ஓடலாம். அடிவாரத்தில் டி974 நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் போகின்றன. அங்கே ஓடாதீர்கள், வண்டிகள் வேகமாக வரும். நடுச் சரிவில் டிராக்டர்களுக்காகப் போட்ட தார், சிமெண்ட் பாதைகள் வடக்கு தெற்காக ஓடுகின்றன. ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் மூச்சு வாங்காது. அதற்கும் மேலே போனால் கல்லும் வேரும் நிறைந்த காட்டுப் பாதை, செங்குத்தான ஏற்றம். எந்த ஊரில் ஓடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, இன்றைக்குச் சரிவின் எந்த உயரத்தில் ஓடப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு கிளம்புவது நல்லது.

இந்த உயரக் கணக்கில்தான் அங்கே ஒயினின் தரமும் விலையும் நிற்கின்றன. மோன்ராஷே என்ற உலகப் புகழ்பெற்ற வெள்ளை ஒயின் தோட்டம் மொத்தமே சுமார் 8 ஹெக்டேர். அதற்கு நேர் மேலே ஷெவாலியே-மோன்ராஷே, கீழே பாத்தார்-மோன்ராஷே. மேலே மண் மெலிசு, கல் அதிகம், சாய்வும் கூடுதல். கீழே மண் ஆழம், தரை ஏறக்குறையச் சமம். மூன்றிலும் ஒரே ரகத் திராட்சைதான், ஆனால் மூன்றும் தனித்தனி ஒயின். அந்தக் குறுக்குப் பாதையில் கீழிருந்து மேலே ஒருமுறை ஏறிப் பாருங்கள், வித்தியாசத்தை உங்கள் கெண்டைக்கால் சொல்லிவிடும். இப்படித் துண்டு துண்டாகப் பெயர் வைத்துப் பிரித்த 1,247 நிலங்கள் இந்தச் சரிவில் உள்ளன. 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இவற்றைச் சேர்த்தது. கற்களை அடுக்கிக் கட்டிய மதில்கள், மழைக்கு ஒதுங்க உழைப்பாளிகள் கட்டிவைத்த சிறு கல் குடிசைகள், நிலத்தைத் திருத்தும்போது பொறுக்கிக் குவித்த கற்குவியல்கள் எல்லாம் வழியோரத்திலேயே இருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்கள் கையால் செதுக்கிய சரிவு அது. அங்கே ஓடும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகள் மேல் மரியாதை கூடுகிறது.

இனி பாதை. போன் நகரத்திலிருந்து சான்தனே வரை 'வுவா தே வின்ய்' என்ற சைக்கிள் பாதை இருக்கிறது, சுமார் 22 கிலோமீட்டர். பொமார், வொல்னே, மெர்சோ, புலின்யி, ஷசான்யி என்று ஊர்கள் வரிசையாக வரும். சில கிலோமீட்டருக்கு ஒரு ஊர் என்பதால் தனியாக ஓடுகிறோமே என்ற பயம் வராது. வழிகாட்டிப் பலகைகளும் உண்டு. ஆனால் உங்கள் தூரத்துக்கு நான் அதைத் திருப்பிப் போட்டு, பாதியை மட்டும் எடுக்கச் சொல்வேன். போன் நகரத்தில் அறை எடுத்துக்கொண்டு காலை ரயிலில் ஷான்யி போய் இறங்குங்கள். அங்கிருந்து சான்தனே வரை கால்வாய்க் கரை. முழுக்கச் சமதளம், உடம்பு சூடேற அதைவிட நல்ல இடம் கிடையாது. சான்தனேயில் தோட்டங்களுக்குள் ஏறி, ஷசான்யி, புலின்யி வழியாக மெர்சோ வந்து நிறுத்துங்கள். 15 கிலோமீட்டரைத் தாண்டும், 20-க்குள் முடிந்துவிடும். வெயில் காலையில் வலது பக்கத்திலிருந்து, சமவெளியின் மேலாக வரும். மெர்சோ ரயில் நிலையம் ஊரைவிட்டுத் தள்ளியிருக்கிறது, நிற்கும் ரயில்களும் குறைவு. திரும்பும் நேரத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள்.

இரண்டாம் நாள் காலில் தெம்பு இருந்தால் மலை. சான்தனேக்கு மேலே மோன் த செய்ன் என்ற குன்று, உயரம் 521 மீட்டர், உச்சியில் மூன்று சிலுவைகள். ஊரிலிருந்து 300 மீட்டர் அளவுக்கு ஏற வேண்டும். தோட்டம் முடிந்து காடு, காடு முடிந்து புல்வெளி. வானம் தெளிவாக இருக்கும் நாளில் கிழக்கே ஆல்ப்ஸ் மலைத் தொடரின் பனி வரிசை தெரியும். மழைக்கு மறுநாள் மட்டும் போகாதீர்கள். களிமண் ஷூவில் அப்பிக்கொண்டு கால் கனக்கும், இறக்கத்தில் சுண்ணாம்புக் கல் வழுக்கும். சாதாரண ரோடு ஷூ நடுச் சரிவுக்குப் போதும், இந்தக் குன்றுக்கு டிரெயில் ஷூ வேண்டும்.

மூன்றாம் நாள் வடக்கே நுயி-சான்-ஜார்ஜில் இறங்கி வோன்-ரொமானே, வூஜோ பக்கம் ஓடலாம். ரொமானே-கோன்தி தோட்டத்தின் கல் சிலுவையும், சிஸ்டெர்சியத் துறவிகள் மதில் கட்டிய சுமார் 50 ஹெக்டேர் வூஜோ தோட்டமும் அங்கேதான். பாதை அழகு, ஆனால் சுற்றுலா வண்டிகள் அதிகம். அதிகாலையில் முடித்துவிடுங்கள்.

காலம் முக்கியம். அக்டோபர் கடைசி வாரம் வந்தால் இலைகள் மஞ்சளாகிச் சரிவு முழுக்க மின்னும். என்னைக் கேட்டால் ஆண்டிலேயே அதுதான் சிறந்த நேரம். ஜூலையில் நிழலே கிடையாது, ஒன்பது மணிக்குமேல் ஓட்டம் வதையாகிவிடும். அறுவடை ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ நடக்கும். அந்த நாட்களில் குறுகிய பாதையெல்லாம் டிராக்டரும் பறிப்பவர்களின் வேன்களும்தான். அவர்களுக்கு ஆண்டு முழுக்கச் செய்த உழைப்பு அந்தச் சில நாட்களில் கைக்கு வருகிறது. நாம் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். பாதை பொதுவானது, இரண்டு வரிசைகளுக்கு நடுவே உள்ள மண் பொதுவானதல்ல. குறுக்கே புகுந்து ஓடாதீர்கள், பழத்தைத் தொடாதீர்கள். எதிரே வருகிறவர்களுக்கு ஒரு 'போன்ஜூர்' கட்டாயம். அது சொல்லாமல் கடந்து போவதை அங்கே மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். மே முதல் ஆகஸ்ட் நடுவரை மருந்து தெளிப்பார்கள். தெளித்த நிலத்துக்குள் குறைந்தது 6 மணி நேரம், சில மருந்துகளுக்கு 48 மணி நேரம்வரை யாரும் போகக் கூடாது என்பது பிரெஞ்சு விதி. வரிசைகளின் மேல் நெட்டையாக நின்று நகரும் டிராக்டர் புகைபோலத் தெளித்துக்கொண்டு வந்தால், காற்று வரும் திசைக்கு மாறிப் போய்விடுங்கள். அப்புறம், செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை மேலே காட்டில் வேட்டை. ஞாயிற்றுக்கிழமை காட்டைத் தவிர்ப்பது நல்லது. போயே ஆக வேண்டுமென்றால் ஆரஞ்சு நிற மேல்சட்டை அணியுங்கள். வேட்டை நடக்கிறது என்று பலகை வைத்திருந்தால் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

தண்ணீருக்கு ஒரு வழி: பிரெஞ்சு கிராமங்களில் கல்லறைத் தோட்டத்தில் பெரும்பாலும் குழாய் இருக்கும். குடிக்கத் தகாதது என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பேக்கரி திறந்திருக்கும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம், ஞாயிறு மதியத்துக்குமேலும் திங்களும் பல ஊர்களில் பூட்டியிருக்கும்.

மற்ற மூன்றையும் ஏன் தள்ளினேன் என்றால்: போர்தோவின் மெதோக் பகுதி ஏறக்குறையத் தட்டை. 1985-ல் தொடங்கிய மெதோக் மாரத்தான் புகழ்பெற்றது, வேடம் போட்டுக்கொண்டு ஒயின் குடித்துக்கொண்டே ஓடுவார்கள். அது திருவிழா, நீங்கள் கேட்கும் அமைதியான ஓட்டம் அல்ல. அல்சாஸில் ரிக்விர், ஹூனாவிர், ரிபோவில்லே ஊர்களுக்கு இடையே உள்ள பாதை மிக அழகானது, காரில்லாமல் சுற்றுவது சிரமம். ஷாம்பெயின் பாரிஸுக்குப் பக்கம், ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் அங்கே போங்கள். நீங்கள் எழுதிய 'அலை அலையான குன்றுகள்' மட்டுமே வேண்டுமென்றால் இன்னும் தெற்கே போழொலே இருக்கிறது. ஃப்ளெரி, ஷிரூப்ள் ஊர்களைச் சுற்றிக் கருங்கல் குன்றுகள், ஒரு மீட்டர்கூடச் சமதளம் கிடையாது. பர்கண்டியைவிடக் காலுக்கு வேலை அதிகம், கூட்டம் குறைவு. அடுத்த முறைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பரில் வருவதாக இருந்தால் ஒன்று. அம்மாதம் மூன்றாம் ஞாயிறு போன் நகரத்தில் 1443-ல் நிறுவப்பட்ட பழைய தரும மருத்துவமனையின் ஒயின் ஏலம் நடக்கும், அதற்கு முந்தைய நாள் அதே தோட்டங்கள் வழியாக அரை மாரத்தான். ஓட விரும்பினால் பதிவுக்கு முன் பி.பி.எஸ். என்ற இணையவழி உடல்நலப் பயிற்சியை முடித்து அதன் எண்ணைத் தர வேண்டும். 2024 முதல் மருத்துவச் சான்றிதழுக்குப் பதிலாக இதைத்தான் கேட்கிறார்கள். அந்த வாரம் ஊரில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைக்காவிட்டால் தீஜோனில் தங்கிக்கொள்ளுங்கள், ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது.