வெயில் அடித்தால் பனிச்சரிவு பயம் இல்லையா?

கேள்வி: ஐயா, ஏப்ரல் விடுமுறையில் குடும்பத்தோடு சிக்கிம் போகிறோம். நாதுலா பாதையில் பனியைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசை. குளிர்காலத்தில்தான் பனிச்சரிவு வரும், வெயில் வந்துவிட்டால் பயமில்லை என்கிறார் என் வீட்டுக்காரர். சரிதானா?
— ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: இல்லை அம்மா. ராணுவத்தில் இருந்தபோது அந்தச் சாலையில் இரண்டு வருடம் லாரி ஓட்டியவன் நான். எங்களுக்கு வெயில் ஏறிய மதியம்தான் பயம்.

நம் ஏற்காடு மலைப்பாதையில் மண் எப்போது சரிகிறது? அடைமழையில் ஊறி, பாரம் கூடி, பிடிப்பு விட்டபோதுதானே. பனிக்கு மழைகூட வேண்டாம். வெயிலில் மேல்பனி உருகி, அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கும். இரவில் உறைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்த பனி பிடிப்பை விட்டுவிடும். விடியற்காலையில் பூட்ஸ் பதியாத பனியில், பதினொரு மணிக்கு முழங்கால் வரை புதையும். சரிவில் எலுமிச்சம்பழம் அளவுப் பனி உருண்டைகள் தானாக உருண்டு வரத் தொடங்கும். அதைப் பார்த்தாலே எங்கள் சுபேதார் வண்டிகளை நிறுத்திவிடுவார். இரவிலும் குளிர் இறங்காமல் மேகம் மூடியிருந்தால், மறுநாள் காலையையும் நம்ப மாட்டார்.

ஈரப்பனி மெதுவாகத்தான் வரும், ஆனால் கனம் அதிகம். நின்றதும் இறுகிவிடும். நம்மூர் ஜவ்வரிசி ஆலைத் தொட்டியில் மரவள்ளி மாவு அடியில் படிந்து கட்டியாகிக் கிடக்குமே, அப்படி. கையால் தோண்ட முடியாது. புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் பிழைப்பது கடினம்.

2023 ஏப்ரல் 4 அன்று இதே நாதுலா சாலையில், பட்டப்பகலில், பனிச்சரிவில் ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். 13வது மைல் வரைதான் அனுமதி இருந்தது. 15வது மைல் பக்கம் நடந்தது அது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குத் தெரிந்த வளைவுகள் அவை.

அதனால் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். பனியில் விளையாடும் இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று அண்ணாந்து பாருங்கள். பனி மூடிய செங்குத்தான மலைச்சரிவு இருந்தால் அங்கே நிற்கவே வேண்டாம். முந்தின நாள் புதுப்பனி கொட்டியிருந்தால் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். அப்புறம், உள்ளூர் டிரைவர் "இங்கே இறங்காதீர்கள்" என்றால் இறங்காதீர்கள். பிள்ளைகள் அழுதாலும் சரி.