பாந்த்ராவில் அப்பாவோடு ஒரு நடை: கடிதம்

அன்புள்ள ஐயா,

மும்பையில் நடைபோவதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இளவயதில் தோல் வேலைக்காக இங்கே வந்தவர். இப்போது அவருக்கு 67 வயது. சர்க்கரை இருக்கிறது, தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அப்பாவோ, “குளத்தங்கரையில நடந்தவனப் போயி சந்துக்குள்ள நடக்கச் சொல்லுதியே” என்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அவரை வெளியே கூட்டிப்போக வேண்டும். குளம், கிராமம், கடல் மூன்றும் வருகிற மாதிரி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிற சுலபமான நடை மும்பைக்குள் இருக்கிறதா? நண்பன் பாந்த்ராவைச் சொன்னான். அது சினிமாக்காரர்களும் பணக்காரர்களும் இருக்கிற இடம். எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று தயக்கமாக இருக்கிறது.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகர்,
தாராவி

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொன்னது சரி. பாந்த்ராவுக்கே போங்கள். நீங்கள் கேட்ட மூன்றும் ஒரே சுற்றில் வருகிற வேறு நடை மும்பைக்குள் எனக்குத் தெரியவில்லை. மாஹிமில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன். சுற்றி வந்தால் ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும். ஒரு சின்ன மேட்டைத் தவிர எல்லாம் சமதளம்.

“எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான். அதற்கு, வழியில் வருகிற பழைய கோட்டையில் நின்று பதில் சொல்கிறேன். முதலில் குளம்.

ஸ்டேஷனின் மேற்கு வாசலில் இறங்கி எஸ்.வி. ரோட்டுக்கு வந்தால் பாந்த்ரா தலாவ். அரசாங்கப் பதிவில் சுவாமி விவேகானந்தர் பெயர். ஜனங்களுக்கு அது தலாவ்தான். நவ்பாடா கிராமத்துக் கொங்கணி முஸ்லிம் செல்வந்தர் ஒருவர் 200 ஆண்டுகளுக்கும் முன்பு வெட்டிக்கொடுத்த குளம். ஒரு காலத்தில் தாமரை பூத்தது. இன்று தண்ணீர் தெளிவாக இருக்காது, சுற்றிலும் வண்டிச் சத்தம். அப்பா பார்த்து வளர்ந்த குளத்தோடு இதை ஒப்பிட முடியாது. ஆனாலும் ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று ஒருவர் செலவழித்து வெட்டிய குளம் இது. நம் ஊர்களிலும் குளங்கள் அப்படித்தானே வந்தன. அதனால் நடையை இங்கிருந்து தொடங்குங்கள், ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்து நேரே கடலுக்குப் போய்விடாதீர்கள்.

அப்புறம் ஹில் ரோடு. கடைத்தெரு, கூட்டம் இருக்கும், வேகமாகக் கடந்துவிடலாம். பாதி தூரம் போனதும் வரோடா ரோடு என்று கேட்டுத் திரும்புங்கள். அங்கே ரான்வர் கிராமம். கிராமம் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். ஓட்டுக் கூரை, மரத் தாழ்வாரம், வெளிப்புறப் படிக்கட்டு என்று பழைய வீடுகள் சில மிச்சம் இருக்கின்றன. இங்கே இருப்பவர்கள் ஈஸ்ட் இந்தியர்கள் எனப்படும் மராத்தி பேசும் கத்தோலிக்கர்கள். வெளியூரிலிருந்து வந்த கிறிஸ்தவர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட 1887-இல் அவர்களே வைத்துக்கொண்ட பெயர் அது. சுற்றியிருந்த வயல்களில் நெல் போட்ட குடும்பங்கள். வயல் போய் மாடிக்கட்டிடம் வந்துவிட்டது, தெருவின் வளைவு மட்டும் மாறவில்லை.

தெருமுனைகளில் கல் சிலுவைகள் நிற்கும். பாந்த்ரா முழுக்க இப்படி நிறைய உண்டு. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது, தெருவைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டு வைத்தவை அவற்றில் பல. அம்மை வராமல் இருக்க ஊர் எல்லையில் மாரியம்மனுக்குக் கல் நட்ட மாதிரிதான். அப்பாவுக்கு விளக்கவே வேண்டியிருக்காது, பார்த்ததும் புரிந்துகொள்வார். இந்தத் தெருக்களில் மெதுவாக நடங்கள். வீடுகளுக்குள் ஆள் இருக்கிறார்கள், போட்டோ எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

மறுபடி ஹில் ரோட்டுக்கு வந்து மேற்கே போனால் புனித அந்திரேயா ஆலயம், அதைத் தாண்டி மெஹபூப் ஸ்டூடியோ. அங்கிருந்து மவுண்ட் மேரி மாதா கோயிலுக்கு ஏற்றம். முழங்கால் வலி இருந்தால் கடல் பக்கத்துப் படிகளைத் தவிர்த்துச் சாலை வழியாகவே ஏறி இறங்குங்கள். இப்போதுள்ள கோயில் கட்டிடம் 1904-இல் எழுந்தது. மாதாவின் பிறந்தநாள் செப்டம்பர் 8. வேளாங்கண்ணிக்கும் அதே நாள்தான். இங்கே அதை அடுத்த ஞாயிறு தொடங்கி ஒரு வாரம் திருவிழா. வேளாங்கண்ணிக்குப் போக முடியாத எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அந்த வாரம் இந்த மேட்டில் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன், இந்துக்களும் உண்டு. வாசலில் கை, கால், வீடு, குழந்தை வடிவில் மெழுகு விற்பார்கள். எது குணமாக வேண்டுமோ, எது கிடைக்க வேண்டுமோ அதை வாங்கிக் காணிக்கையாக வைப்பது வழக்கம்.

மேட்டிலிருந்து இறங்கினால் நிலம் முடியும் முனையில் பாந்த்ரா கோட்டை. போர்த்துகீசியர்கள் 1640-இல் கட்டியது. போகிற வருகிற கப்பல்களுக்கு நல்ல தண்ணீர் கொடுத்த ஊற்று இங்கே இருந்தது. கோட்டையில் இப்போது பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை, சில சுவர்களும் ஒரு வாசலும்தான். ஆனால் உங்களை இங்கே வரச் சொல்வதற்குக் காரணம் கோட்டை அல்ல.

தெற்கே திரும்பி நில்லுங்கள். எதிரே மாஹிம் விரிகுடா. அதன் மேல் 2009-இல் திறந்த பாந்த்ரா–வொர்லி கடல்பாலம், 5.6 கிலோமீட்டர். அதில் நடக்கவும் முடியாது, பைக்கில் போகவும் முடியாது. நம்மைப் போன்றவர்கள் அதை நின்று நிதானமாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. விரிகுடாவின் உள்பக்கம், இடது கைப் பக்கமாக, கழிமுகம் இருக்கிறது. அந்தக் கழியின் கரையில்தான் உங்கள் வீடு இருக்கிறது. வடக்கே பவாய், விஹார் ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர் மித்தி ஆறாகி, நகரத்தின் அழுக்கையெல்லாம் சுமந்துகொண்டு, தாராவியைத் தொட்டு, இந்த விரிகுடாவில்தான் கலக்கிறது. 2005 ஜூலை 26-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று 24 மணி நேரத்தில் சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் மழை. வெளியேற வழியில்லாமல் மித்தி கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. அந்தத் தண்ணீர் போய்ச் சேர வேண்டியிருந்த கடல் இது. வீட்டு வாசலில் நாற்றமாக மட்டுமே தெரிந்த ஒரு ஆறு எங்கே போய் முடிகிறது என்பதை அப்பா ஒருமுறை பார்க்கட்டும்.

மாஹிமிலிருந்து பாந்த்ராவுக்கு ஒரு காலத்தில் படகில்தான் வரவேண்டும். இரண்டு கரையையும் சேர்த்து 1845-இல் திறந்த சாலைதான் மாஹிம் காஸ்வே. அதற்கு 1,57,000 ரூபாய் கொடுத்தவர் லேடி ஜம்ஷெட்ஜி. உங்கள் பக்கத்தில் எல்.ஜே. ரோடு என்கிறோமே, அது அந்த அம்மாவின் பெயர்தான். உங்கள் பேட்டையையும் இந்தக் கரையையும் சேர்த்துவைக்க ஒரு பெண் தன் பணத்தைக் கொடுத்திருக்கிறார். இன்றைக்கும் காலையில் பாந்த்ரா தெருக்களில் இட்லி விற்கிற தமிழர்களில் பலர் தாராவியில் மாவாட்டிக்கொண்டு வருகிறவர்கள். உழைப்பதற்குத் தயக்கமில்லாமல் வருகிற இடத்துக்கு, காற்று வாங்க வருவதற்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்? கடற்கரை யாருடைய காம்பவுண்டுக்குள்ளும் இல்லை. கடலோரமாகப் போகிற பாண்ட்ஸ்டாண்ட் நடைபாதையில் டிக்கெட் கிடையாது.

அந்த நடைபாதையில்தான் இனி வடக்கே போகவேண்டும். கடல் இடது பக்கம் கூடவே வரும். சினிமா நடிகர் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும், அது போகட்டும். கடல் பின்வாங்கியிருந்தால் கரும்பாறைகள் வெளியே வந்திருக்கும். எரிமலைக் குழம்பு உறைந்து ஆன பாறை. மேலே பாசி, பயங்கரமாக வழுக்கும். அப்பாவை இறக்காதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். அமாவாசை, பௌர்ணமி சமயங்களில் இங்கே கடல் நாலைந்து மீட்டர் வரை ஏறி இறங்கும். கண்முன் இருந்த பாறை கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அலையின் அருகே போகவே வேண்டாம்.

நடைபாதை முடிந்து சற்று உள்ளே வந்தால் சிம்பாய், கோலி மீனவர்களின் கிராமம். வலை, படகு, கருவாட்டு வாசனை. அதையும் கடந்தால் ஜாகர்ஸ் பார்க், பிறகு கார்ட்டர் ரோடு. அங்கே உட்காரப் பெஞ்சு உண்டு, ஒரு பக்கம் அலையாத்திச் செடிகள் அடர்ந்திருக்கும். சூரியன் மறைகிற நேரத்துக்கு இங்கே வந்து சேருகிற மாதிரி கணக்குப் போடுங்கள். திருச்செந்தூர் கடலில் சூரியன் எழுவதைப் பார்த்தவருக்கு, அது கடலுக்குள் இறங்குவதையும் ஒருமுறை காட்டலாம். அப்புறம் டர்னர் ரோடு வழியே எஸ்.வி. ரோட்டுக்குத் திரும்பினால் சுற்று முடிந்தது.

டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள். டிசம்பர் தொடக்கத்தில் ஆறு மணிக்கே சூரியன் மறைந்துவிடும், அதனால் மதியம் சாப்பிட்டு, மூன்று மணிக்குள் தலாவுக்கு வந்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர், கையில் தண்ணீரும் பிஸ்கெட்டும் இருக்கட்டும். செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள். கோட்டை வரைக்கும் வந்ததும் களைத்துவிட்டாரென்றால் அங்கேயே ஆட்டோ எடுத்து ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடலாம், மீதியை இன்னொரு ஞாயிறு கார்ட்டர் ரோட்டிலிருந்து தொடங்கலாம். ரான்வரையும் கோட்டையையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். போய் வந்த பிறகு, அவர் என்ன சொன்னார் என்று அவருடைய வார்த்தையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்.