கோர்ட் நாவல்கள்: பிடித்துப்போவது எதனால், ஏமாறுவது எங்கே?

கேள்வி: கொலை, வக்கீல், நீதிமன்றம் என்று வரும் த்ரில்லர் நாவல்களில் அப்படி என்னதான் இருக்கிறது? விடாமல் படிப்பதால் கெடுதல் ஏதாவது உண்டா?

இருபது வருடமாகப் படிக்கிறேன். இரவு பத்து மணிக்கு ‘ஒரே ஒரு அத்தியாயம்’ என்று எடுத்து, கண் எரிய இரண்டு மணிக்கு மூடிவைத்த புத்தகங்களுக்குக் கணக்கே இல்லை. ஆக, முதல் கெடுதல் தூக்கத்துக்குத்தான்.

கொலை செய்தது யார் என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்கிறோம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் ஆறு மாதம் கழித்து யோசித்தால் கொலைகாரன் பெயர்கூட ஞாபகம் வருவதில்லை. வக்கீல் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டார், ஜூரியில், அதாவது தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுமக்கள் குழுவில், யாரை வேண்டாம் என்று கழித்தார் என்பதெல்லாம் மட்டும் அப்படியே இருக்கிறது. நாம் சாதாரணமாக நுழைய முடியாத ஓர் இடத்துக்குள், அங்கேயே பிழைப்பு நடத்துபவர் ஒருவர் நம்மைக் கூட்டிப்போகிறார். எனக்கு இந்த நாவல்கள் பிடித்துப்போனது அதனால்தான். ஏமாறுவதும் அதனால்தான். தொழில் தெரிந்தவர் சொல்கிறாரே என்று மற்றதையும் சேர்த்து நம்பிவிடுகிறோம்.

தொழில் தெரிந்தவர்கள் என்பது என்னவோ நிஜம். ஜான் க்ரிஷாம் மிசிசிப்பியில் சுமார் பத்து வருடம் வக்கீலாக இருந்தவர். 1989-ல் வந்த அவருடைய முதல் நாவல் அச்சானது 5,000 பிரதிகள். அதிலும் 1,000 பிரதிகளை அவரே வாங்கி விற்கவேண்டி இருந்தது. ஸ்காட் டூரோ சிகாகோவில் அரசுத் தரப்பு வக்கீலாக இருந்தபோது, வேலைக்குப் போய்வரும் ரயிலில் உட்கார்ந்து எழுதியவர்.

எனக்கு இவர்களையெல்லாம் விடப் பிடித்தவர் ஜான் வோல்கர். ராபர்ட் ட்ராவர் என்ற புனைபெயரில் அவர் எழுதிய ‘அனாட்டமி ஆஃப் எ மர்டர்’ 1958-ல் வெளிவந்தபோது அவர் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி. முன்பு தான் வாதாடிய ஒரு கொலை வழக்கைத்தான் கதையாக்கியிருந்தார். அதில் ஒரு காட்சி. கட்சிக்காரர் நடந்ததை முழுதாகச் சொல்லி முடிப்பதற்கு முன், வக்கீல் அவரை நிறுத்திவிட்டு, கொலைக் குற்றத்திலிருந்து விடுபட சட்டத்தில் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று வரிசையாக விளக்குகிறார். பொய் சொல்லச் சொல்லி ஒரு வார்த்தை கிடையாது. எந்த மாதிரி நடந்திருந்தால் தப்பிக்க முடியும் என்பது மட்டும் கட்சிக்காரருக்குப் புரிந்துவிடுகிறது. துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை, ஓர் அறையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வியர்த்துவிட்டது.

சரி, கெடுதலுக்கு வருகிறேன். ஒரு முறை விபத்து வழக்கு ஒன்றில் சாட்சி சொல்லப் போனேன். மூன்று வாய்தா கழித்துத்தான் கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. “வண்டி என்ன நிறம்?” என்றுதான் கேட்டார். தெரிந்த பதில். வாயில் வரவில்லை. கை நடுங்கியது, முதலில் நீலம் என்றேன், பிறகு பச்சை என்றேன். நான் படித்த நாவல்களில் இப்படித் தடுமாறுகிறவன் பொய்யன். இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் எல்லாவற்றையும் கக்கிவிடுவான். நானோ உண்மையைச் சொல்லப் போனவன். அன்றைக்கு நீதிபதியும் என்னைப்போலவே நாவல் படித்து வளர்ந்தவராக இருந்தால் என் கதி என்ன என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது.

கூண்டில் நின்றபடி உடைந்து அழுது ஒப்புக்கொள்ளும் குற்றவாளி, கடைசி நிமிடத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வரும் சாட்சி, இரண்டும் இந்த நாவல்களின் சொத்து. நிஜத்தில் சாட்சிப் பட்டியலையும் ஆவணங்களையும் பெரும்பாலும் முன்கூட்டியே எதிர்த்தரப்புக்குக் காட்டியாக வேண்டும். விசாரணை என்பதே கூட அபூர்வம்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012-ல் ஒரு தீர்ப்பில் எடுத்துக்காட்டிய கணக்குப்படி, அங்கே மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெறுபவர்களில் 97 சதவீதம் பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கியவர்கள். நாம் விழுந்து விழுந்து படிப்பது மீதி மூன்றைப் பற்றி. பெரும்பாலும் தண்டனையைக் குறைக்க அரசுத் தரப்போடு பேரம் பேசி முடிந்துபோன அந்த 97-ஐப் பற்றி எழுதினால் யார் வாங்குவார்கள்?

மருத்துவ விஷயத்திலும் இதே கதைதான். பின்மண்டையில் அடி வாங்கிய ஹீரோ ஒரு மணி நேரம் கழித்து எழுந்து, தலையைத் தடவிக்கொண்டு காரை எடுப்பான். அவ்வளவு நேரம் நினைவிழந்து கிடந்தவனை மருத்துவமனையில்தான் சேர்க்க வேண்டும். பிணத்தைப் பார்த்த மாத்திரத்தில் “பத்தே காலிலிருந்து பத்தரைக்குள்” என்கிற டாக்டரையும் நம்பாதீர்கள். உடல் குளிரும் வேகம் அறையின் வெப்பம், உடுப்பு, உடல்பருமன் என்று பலவற்றைப் பொறுத்தது. நிஜ டாக்டர் சொல்வது மணிக்கணக்கில் அகலமான ஓர் இடைவெளி.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்திருக்கிறது. அகதா கிறிஸ்டி 1961-ல் ஒரு நாவலில் தாலியம் விஷத்தின் அறிகுறிகளை எழுதியிருந்தார். 1977-ல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் என்ன நோய் என்றே பிடிபடாமல் கிடந்த ஒரு குழந்தைக்கு முடி கொட்டுவதைக் கவனித்த நர்ஸ், அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்ததால் தாலியமாக இருக்குமோ என்றார். பரிசோதித்தால் அதேதான். குழந்தை பிழைத்தது. கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர். அவருக்குத் தெரிந்த தொழில் அது.

நான் மன்னிக்காத ஏமாற்று ஒன்று உண்டு. கதை முழுக்க வக்கீலின் கண் வழியாகவே போகும். அவர் கவரைப் பிரிப்பார். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் முகம் வெளுக்கும். அத்தியாயம் முடிந்துவிடும். அவர் பார்த்ததை, அவர் கண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் நமக்குக் காட்டமாட்டார்கள்! எழுபது பக்கம் தள்ளித்தான் சொல்வார்கள். அதற்குப் பெயர் மர்மம் இல்லை, ஒளித்துவைப்பது. நல்ல எழுத்தாளர் கடிதத்தை முழுசாகப் படிக்கக் கொடுத்துவிட்டு, அதில் எந்த வரி முக்கியம் என்பதை மட்டும் நம் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வார்.

அப்புறம், முதல் பக்கத்திலேயே செத்துக்கிடக்கும் பெண். உடம்பில் எத்தனை காயம் என்று எண்ணிச் சொல்வார்கள். அவள் என்ன வேலை பார்த்தாள், யாரோடு சண்டை போட்டாள் என்பது முந்நூறு பக்கத்திலும் வராது. இதை ரொம்பத் தாமதமாகத்தான் கவனிக்க ஆரம்பித்தேன். கவனித்த பிறகு, அதுவரை விரும்பிப் படித்த சில பேரைத் திரும்பப் படிக்க முடியவில்லை.

இவ்வளவும் தெரிந்து படிப்பதை நிறுத்தினாயா என்றால், இல்லை. இப்போது கையில் இருப்பதில் 140-ஆம் பக்கத்தில் ஒருத்தன் கவரைப் பிரித்துவிட்டு வெளுத்துப்போய் நிற்கிறான். திட்டிக்கொண்டேதான் 141-க்குப் புரட்டினேன்.